எபிசோட் 37: கட்டிப்போட்ட கரடியும் காய்ந்துபோன வருஷமும்

(ஒலிப்பதிவிலிருந்து சற்றுத் திருத்திய எழுத்து வடிவம்)

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. கையில எப்பவும் ஒரு கரடி பொம்மை இருக்கும். "மாமா, இதுக்கு ஏன் டெடின்னு பேரு?" என்று கேட்டாள். நானும் வரலாற்று பாட்காஸ்ட் நடத்துற ஆளாச்சே, பெருமையா ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல தியோடர் ரூஸ்வெல்ட்னு ஒரு ஜனாதிபதி இருந்தார், செல்லப்பேரு டெடி, ஒரு கரடியைச் சுட மாட்டேன்னு சொல்லிட்டார், அதனால பொம்மைக்கு அவர் பேரு வந்துடுச்சு என்றேன். அவள் விடவில்லை. "அப்புறம் அந்தக் கரடி எங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. இன்றைய எபிசோட் அந்தக் கேள்வியில் இருந்து தொடங்குது. ஆனா போய்ச் சேரப் போற இடம் வேற: மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கரடி வேட்டை என்னவாக மாறுகிறது, அந்த வருஷத்தின் கணக்கை நாம் எப்படித் தப்பாகப் படிக்கிறோம்.

முதலில் கதையை முழுசாச் சொல்லிடறேன். 1902 நவம்பர், மிசிசிப்பி மாநிலம். ஆளுநர் லாங்கினோ அழைத்ததன் பேரில் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்கு வருகிறார். வழிகாட்டி ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்த கருப்பினத்தவர். அந்தப் பகுதியின் நாணல் காடுகளை அவரைப் போல் அறிந்தவர் இல்லை என்று பேர் எடுத்தவர். வாழ்நாளில் மூவாயிரம் கரடிகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை எழுதிவைத்த பதிவேடு எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் செத்த கரடியை யாரும் எண்ணவில்லை என்பதை மனசுல வச்சுக்கோங்க. பின்னால் வேணும்.

காலியருடைய நாய்கள் ஒரு கரடியைத் துரத்திக்கொண்டு போகின்றன. ஜனாதிபதியைக் கரடி வரும் வழியில் உட்கார வைத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து அவர் முகாமுக்குச் சாப்பிடப் போய்விட்டார். கரடி வந்தது. களைத்துப்போய், ஒரு குட்டையில் இறங்கி நாய்களோடு மல்லுக்கு நின்றது. ஒரு நாயைக் கொன்றும் விட்டது. ஜனாதிபதிக்காக உயிரோடு வைத்திருக்கணும் என்பதால் காலியர் சுடவில்லை. துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்து, கழுத்தில் கயிறு போட்டு, ஒரு மரத்தோடு கட்டிவிட்டு ஆள் அனுப்பினார். ரூஸ்வெல்ட் வந்து பார்த்தார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டை ஆகாது என்று மறுத்துவிட்டார்.

நவம்பர் 16 அன்று வாஷிங்டன் போஸ்டில் கிளிஃபோர்ட் பெரிமன் அதைக் கார்ட்டூனாக வரைந்தார். புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் ஒரு பொம்மை செய்து கடையில் வைத்தார். அதுதான் டெடி.

கரடி? அது ஏற்கெனவே பலமாக அடிபட்டிருந்தது. அதன் வேதனையை முடித்துவிடச் சொன்னார் ரூஸ்வெல்ட். உடன் வந்தவர் கத்தியால் முடித்தார். ஆறு வயசுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்றது?

இந்தக் கதை ஒரு விதியை மட்டும் தெளிவாக விட்டுச் சென்றது. தப்பிக்க வழியில்லாத மிருகத்தைச் சுடக் கூடாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் நியாயம் இது. நான் கேட்க நினைக்கிற கேள்வி, கயிறு என்றால் எது? சணலில் திரித்தது மட்டும்தானா?

இதற்குக் கரடியின் ஒரு வருஷக் கணக்கு தெரியணும். நாம் பேசுவது அமெரிக்கக் கருங்கரடி. நம்ம ஊர் மலைகளில் கரையான் புற்றை உறிஞ்சும் கரடி வேற இனம். இதற்குக் கருங்கரடி என்று பேர், ஆனால் மேற்கு மாநிலங்களில் பழுப்பிலும் செம்பழுப்பிலும்கூட இருக்கும். சாப்பாடு பெரும்பாலும் சைவம்: புல், பெர்ரி, ஓக் கொட்டை, பைன் கொட்டை. தென்மேற்கில் சப்பாத்திக்கள்ளிப் பழம். ஆமாம், நம்ம ஊர் வேலியோரத்துல இருக்கிற அதே கள்ளி வகைதான், அதுக்குச் சொந்த ஊர் அமெரிக்கா.

ஆகஸ்டில் இருந்து இந்தக் கரடிக்குப் பசி வெறி பிடித்த மாதிரி ஆகிவிடும். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை மேயும். இருபதாயிரம் கலோரி வரை உள்ளே போகும். நமக்கு எட்டு, பத்து நாள் சாப்பாடு அது. குளிர்காலம் முழுக்கச் சாப்பிடாமல் குகையில் கிடக்க வேண்டுமே, அதற்கான சேமிப்பு.

பெண் கரடிக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. இணை சேர்வது கோடையில். கரு உருவாகிவிடும், ஆனால் கருப்பையில் ஒட்டாது. மாதக்கணக்கில் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். நவம்பர் வாக்கில் உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்திருந்தால்தான் ஒட்டி வளரத் தொடங்கும். சேரவில்லையென்றால் கரு நின்றுவிடும். ஜனவரியில் குட்டி பிறக்காது. நிரல் எழுதுற ஆளா நான் இதைப் படிச்சப்போ அசந்துட்டேன். எல்லாம் தயாரா வச்சுட்டு, கடைசி நிமிஷத்துல இருப்பைச் சரிபார்த்த பிறகுதான் ஓட்டுது.

அப்போ மழை பொய்த்தால்? ஓக் பூ உதிர்ந்துவிடும். பெர்ரி காயாமலே சுருங்கிவிடும். வசந்தத்தில் ஒரு பின்பனி விழுந்து, கோடையில் வறட்சியும் வந்தால் கேட்கவே வேண்டாம். கரடி உடனே சாகாது. நடக்க ஆரம்பிக்கும். பத்து மைல், இருபது மைல், அதற்கு மேலும். பழக்கமில்லாத பள்ளத்தாக்கில் இறங்கும். சாலையைக் கடக்கும். ஊருக்குள் வந்து குப்பைத்தொட்டியைத் திறக்கும். காட்டில் எல்லா ஓடையும் வற்றியிருக்கும்போது, மிச்சமிருக்கும் ஒரு குட்டைக்குத் தினமும் வரும்.

அரிசோனா, நியூ மெக்ஸிகோ போன்ற வறண்ட மாநிலங்களில் வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காய்ந்த தரையில் வாசனை நிற்காது என்பதால் மோப்ப நாய்களுக்கு வறட்சி கஷ்டகாலம். ஆனால் குட்டை ஓரமாக மறைந்து உட்காரத் தெரிந்தவனுக்கு அது அனுகூலம். பழுத்த கள்ளிச் சரிவு ஒன்று மிச்சமிருந்தால் எதிர்மலையில் இருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கரடி வந்துதான் ஆகணும்.

இங்கேதான் எனக்குக் கயிறு ஞாபகம் வருது. ஒரே ஒரு குட்டை மட்டும் இருக்கிற காட்டில், தண்ணிக்கு வரும் மிருகம் எவ்வளவு சுதந்திரமானது? இதை வேட்டைக்காரர்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை அங்கே முதலில் கேட்டவர்களில் வேட்டைக்காரர்களே பலர் உண்டு.

உதாரணம் கொலராடோ. 1992 நவம்பரில் அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் முடியும் வரை கரடி வேட்டை கூடாது, இரை வைத்துச் சுடக் கூடாது, நாய்களை விட்டுத் துரத்தக் கூடாது. இந்த மூன்றுக்கும் சேர்த்து சுமார் எழுபது சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். வசந்தகால வேட்டையை எதிர்த்ததற்கு முக்கியக் காரணம், பால் கொடுக்கும் தாய்க்கரடி செத்தால் குகையில் குட்டிகளும் சாகும் என்பது. இரைக்கு எதிரான வாதம் நம்ம 1902 வாதம்தான். பசித்த மிருகத்துக்கு முன்னால் பழைய ரொட்டியையும் சர்க்கரைப் பாகையும் கொட்டிவிட்டு மரத்தில் காத்திருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத கயிறு.

எல்லா ஊரும் இதை ஏற்கவில்லை. மெயின் மாநிலத்தில் 2004-லும் 2014-லும் இதே போன்ற தடை வாக்கெடுப்புக்கு வந்து இரண்டு முறையும் தோற்றது. அடர்ந்த காட்டில் இரை வைக்காமல் கரடியைப் பார்க்கவே முடியாது, அருகில் நின்று பார்த்துச் சுட்டால்தான் குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர்க்க முடியும் என்பது அவர்கள் பக்க நியாயம். அதிலும் பொருள் இருக்கு.

இரை வைப்பது அனுமதிக்கப்பட்ட மினசோட்டாவில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். காட்டில் காய் கனி நன்றாக விளைந்த வருஷத்தில் வேட்டையில் விழும் கரடிகள் குறைவு. விளைச்சல் பொய்த்த வருஷத்தில் அதிகம். காட்டில் இருக்கிற கரடிகள் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். பசி அவற்றை இரையிடம் கூட்டி வருகிறது, அவ்வளவே.

இதைப் படித்தபோது எனக்கு என் வேலையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சில வருஷம் முன்னால், வேற ஒரு கம்பெனியில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை எங்கள் செயலிக்கு வரும் கோரிக்கைகள் மூன்று மடங்கு ஆயின. டாஷ்போர்டில் கோடு செங்குத்தாக ஏறுது. பயனாளர்கள் குவியறாங்கன்னு மேலே சொல்லி, இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். சாயங்காலம்தான் தெரிந்தது, பின்னால் ஒரு சர்வர் திணறிக்கொண்டிருந்தது. பதில் வராததால் ஒவ்வொருத்தரும் திரும்பத் திரும்பப் பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள் அஞ்சு தடவை கதவைத் தட்டினதை நாங்க அஞ்சு ஆள்னு எண்ணியிருக்கோம். வளர்ச்சின்னு கொண்டாடினது உண்மையில் கோளாறு.

வறட்சி வருஷத்தில் கரடிக்கு இதேதான் நடக்குது. தெருவில் கரடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரடி, சாலையில் அடிபட்ட கரடி, வேட்டைக் கணக்கில் கூடுதல் கரடி. பார்க்கிற எல்லாருக்கும் ஒரே முடிவு: "கரடி பெருத்துப் போச்சு, இன்னும் கொஞ்சம் லைசென்ஸ் கொடுங்க." கோடு ஏறுது. பின்னால் காடு திணறுது.

இதன் நேர் எதிர்க்கதை ஒன்று அமெரிக்க வரலாற்றில் இருக்கு. 1930-களின் பெரும் வறட்சி. சமவெளி மண் புழுதியாகப் பறந்த காலம். குட்டைகளும் சதுப்புகளும் காய்ந்ததால் காட்டு வாத்துகள் கண்கூடாகக் குறைந்தன. 1934-ல் அந்த நெருக்கடியைச் சமாளிக்க, வனவிலங்குத் துறைக்கு ஜே டார்லிங் என்பவரைத் தலைவராக நியமித்தார் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், நம்ம டெடியின் தூரத்துச் சொந்தம். இந்த டார்லிங்கும் ஒரு பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட் என்பது ஒரு வேடிக்கை. அதே வருஷம் வாத்து வேட்டைக்காரர்கள் ஒரு டாலருக்கு ஸ்டாம்ப் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதல் ஸ்டாம்பின் படத்தை வரைந்தவரும் டார்லிங்தான். வேட்டை நாட்கள் குறைக்கப்பட்டன. 1937-ல் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியை மாநில வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கும் சட்டமும் வந்தது. இன்றுவரை அங்கே காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் பணத்தில் கணிசமான பங்கு வேட்டைக்காரர்களுடையதுதான். அதையும் மறைக்காமல் சொல்லணும்.

இப்போ இரண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வறட்சி வாத்தைக் கண்ணிலிருந்து மறைத்தது. உடனே எல்லாருக்கும் பதறியது, சட்டம் வந்தது. அதே வறட்சி கரடியைக் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதனால் யாருக்கும் பதறுவதில்லை. பசி ஒன்றுதான். ஒன்று காணாமல் போவதால் காப்பாற்றப்பட்டது, இன்னொன்று கண்ணில் பட்டதால் மாட்டிக்கொண்டது.

இந்தத் தவறை ஓர் ஊரில் அளந்தே பார்த்தார்கள். கொலராடோவின் தென்மேற்கில் டுராங்கோ. 2011-ல் மாநில வனவிலங்குத் துறை கரடிகளைப் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. அடுத்த வருஷமே, 2012-ல், பின்பனியும் வறட்சியும் சேர்ந்து வந்து காட்டு உணவு பொய்த்தது. திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு பரிசோதனை தானாகவே நடந்துவிட்டது.

எப்படி எண்ணினார்கள்? காட்டில் மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவில் வாசனைப் பொருள் வைப்பார்கள். கரடி உள்ளே நுழையும்போது கம்பியில் கொஞ்சம் முடி சிக்கும். அந்த முடியில் டிஎன்ஏ. ஒரே கரடி பத்து தடவை வந்தாலும் ஒரு கரடி என்றுதான் கணக்காகும். நாங்கள் அந்தத் திங்கட்கிழமை செய்யத் தவறியது இதைத்தான். தட்டல்களை எண்ணாமல் ஆட்களை எண்ணுவது.

ஊருக்குள் கரடிகள் நிறைந்து வழிந்த அந்த வருஷத்துக்குப் பிறகு, ஆய்வுப் பகுதியில் பெண் கரடிகளின் எண்ணிக்கை 57 சதவீதம் சரிந்திருந்தது. பாதிக்கும் மேல். ஊரார் கண்ணுக்குப் பெருத்துத் தெரிந்த கரடிக் கூட்டம் உண்மையில் உதிர்ந்துகொண்டிருந்தது. வண்டியில் அடிபட்டு, பிரச்சினைக் கரடி என்று கொல்லப்பட்டு, வேட்டையில் விழுந்து. போன பெண் கரடிகளின் இடத்தை நிரப்பக் குட்டிகளும் போதவில்லை. அதற்கு மிதந்து காத்திருந்த கரு காரணம். கருங்கரடி மெதுவாகப் பெருகும் மிருகம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஈனும். ஒரு வருஷத்துக் கணக்குத் தப்பைச் சரிசெய்ய அதற்குப் பல வருஷம் வேணும்.

அப்போ வறட்சி வருஷத்தில் என்னதான் செய்வது? வேட்டையை மொத்தமா நிறுத்தணுமா? என் கருத்து, அது கட்டாயமில்லை. எதை எண்ணுகிறோம் என்பதை மாற்றணும். சில மாநிலங்கள் ஏற்கெனவே நல்ல வழி வைத்திருக்கின்றன. அரிசோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் ஒவ்வொரு பகுதிக்கும் பெண் கரடிகளுக்குத் தனி வரம்பு உண்டு. அந்த எண்ணிக்கை தொட்டதும் அந்தப் பகுதியில் சீசன் மூடப்படும். காட்டுக்குக் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டியது வேட்டைக்காரர் பொறுப்பு. சுட்ட கரடியைத் துறையிடம் காட்டணும். அதன் சிறு பல் ஒன்றை எடுத்து, மரத்தில் வளையம் எண்ணுவது போல் வெட்டிப் பார்த்து வயசைக் கண்டுபிடிக்கிறார்கள். வறட்சி வருஷத்தில் இந்த வரம்பைக் கூட்டாமல் குறைக்கணும் என்பது என் வாதம். அந்த வருஷம் கரடி நம்மிடம் வருவது அதன் பலத்தால் இல்லை.

இன்னொன்று இன்னும் எளிது. அதே டுராங்கோவில், இரண்டு பகுதி வீடுகளுக்குக் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளை, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல், கொடுத்துப் பார்த்தார்கள். குப்பையால் வரும் கரடித் தொல்லை சுமார் 60 சதவீதம் குறைந்தது. அங்கே தெரிய வந்த இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. குப்பை தின்ற கரடி கெட்டுப்போன கரடி, திரும்பக் காட்டுக்குப் போகாது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். காட்டில் மறுபடி விளைந்தபோது கரடிகள் காட்டுச் சாப்பாட்டுக்கே திரும்பிவிட்டன. ஊரைத் தேடி வந்தது பழக்கத்தால் இல்லை, வேறு வழியில்லாததால்.

வேறு வழி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கு. டெக்ஸஸில் மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய பிக் பெண்ட் தேசியப் பூங்கா. 1944-ல் பூங்கா தொடங்கியபோது அங்கே குடியிருக்கும் கரடியே இல்லை, வேட்டையில் தீர்ந்துபோயிருந்தன. 1980-களில் மெக்ஸிகோ மலைகளில் இருந்து அவை தாமாகவே ஆற்றைக் கடந்து வந்து குட்டி போட ஆரம்பித்தன. 2000-ல் அங்கே உணவு பொய்த்தது. பெரும்பாலான கரடிகள் பூங்காவை விட்டுக் கிளம்பி, பல மறுபடி மெக்ஸிகோ பக்கம் போய்விட்டன. பின்வந்த வருஷங்களில் மறுபடி கரடிகள் வந்து பெருகின. போக ஒரு மலை இருந்தது, வர ஒரு வழி இருந்தது. கயிறு இல்லை.

மிசிசிப்பியில் அது இல்லாமல் போயிற்று. காலியர் வேட்டையாடிய நாணல் காடுகளைப் பருத்திக்காக வெட்டிச் சாய்த்தார்கள். அந்தக் கரடி இனம் 1992-ல் அழியும் அபாயமுள்ள பட்டியலில் சேர்ந்தது. 2016-ல்தான் பட்டியலில் இருந்து வெளியே வந்தது. இன்று அங்கே ஹோல்ட் காலியர் பெயரில் ஒரு தேசிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. கரடியைக் கட்டியவர் பெயரில் கரடிக்கு ஒரு காடு.

அக்கா பொண்ணுக்கு இன்னும் பதில் சொல்லலை. கொஞ்சம் பெரியவளானதும் சொல்லணும். அந்தக் கரடி எங்கேயும் போகலைடா, அதைக் கட்டி வச்சிருந்தாங்க, போக இடம் இல்லை. இப்ப இருக்கிற கரடிகளுக்கு இடம் இருக்கான்னு நாமதான் பார்த்துக்கணும்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். எங்காவது கணக்கில் தப்பிருந்தா எழுதுங்க, அடுத்த தடவை திருத்திச் சொல்றேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.